எல்லாமே 3டி-யா? ஆளை விடுங்கய்யா!

ஒரு பையன் படச்சட்டத்தை விட்டு வெளியே ஏறிக் குதிக்கப் பார்க்கிறானா? "3டி பெயிண்டிங்". நடுரோட்டில் சாக்பீஸால் பள்ளம் வரைந்திருக்கிறார்களா? அதுவும் 3டி. ரோமில் ஒரு தேவாலயத்தின் கூரையா? "செம 3டி மச்சி, பார்வர்டு பண்ணு". கண்ணைக் குழப்புகிற ஓவியம் எதுவானாலும் நம் ஆட்களுக்கு ஒரே பெயர்தான். வேறு பெயர் சொன்னால் "சீன் போடாதே" என்கிறார்கள்.

நாமெல்லாம் காமர்ஸ் படிக்கிறவர்கள். விற்பனையும் நிகர லாபமும் "எப்படியும் காசுதானே சார்" என்று பரீட்சையில் எழுதிப் பாருங்களேன், மார்க் விழுகிறதா என்று :)

பெயர்கள் பந்தாவுக்கு வைத்தவை அல்ல. ஓவியர் நம்மை என்ன செய்யச் சொல்கிறார் என்பதே ஒவ்வொன்றிலும் வேறு. மேலே சொன்ன பையன் படம் பெரே பொரெல் டெல் காசோ என்கிற ஸ்பெயின் ஓவியர் 1874-ல் வரைந்தது. இந்த வகைக்குப் பெயர் ட்ரோம்ப் லோய், பிரெஞ்சில் 'கண்ணை ஏமாற்றுவது'. ஒரு நொடி நிஜமென்று நம்ப வேண்டும், அடுத்த நொடி ஏமாந்தது தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

அனமார்போசிஸ் அப்படியில்லை. லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் 'தூதர்கள்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இளைய ஹான்ஸ் ஹோல்பைன் 1533-ல் வரைந்தது. இரண்டு பெரிய மனிதர்கள், விலையுயர்ந்த உடைகள், நடுவே அலமாரியில் உலக உருண்டை, வானியல் கருவிகள், நரம்பு அறுந்த ஒரு லூட் வாத்தியம். காலடியில் மட்டும் ஏதோ இழுத்துப் பூசிய மாதிரி ஒரு சாய்ந்த கறை. இதைப் பார்த்து யாரும் ஏமாற மாட்டார்கள், என்னவென்றே புரியாது. படத்தின் வலது ஓரத்துக்குப் போய் சுவரை ஒட்டி நின்று பார்த்தால்தான் தெரியும், அது மண்டை ஓடு. ஆனால் அங்கே நின்றால் தூதர்கள் இருவரும் நசுங்கிப் போவார்கள்! பவிசு ஒழுங்காகத் தெரிகிற இடத்தில் சாவு தெரியாது, சாவு தெரிகிற இடத்தில் பவிசு தெரியாது. படத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது.

இதை நம் இணையப் புலிகள் என்ன செய்கிறார்கள்? கம்ப்யூட்டரில் மண்டை ஓட்டை நேராக்கி, சிவப்பு வட்டம் போட்டு, "மறைந்திருக்கும் ரகசியம்!!!" என்று போடுகிறார்கள். பார்ப்பவரை நடக்க வைக்கத்தான் அந்த மனுஷர் அவ்வளவு பாடுபட்டார். நடையை வெட்டிவிட்டு மண்டை ஓட்டை மட்டும் தட்டில் வைத்துக் கொடுத்தால் அதில் என்ன இருக்கிறது? சரியான பெயர் தெரிந்தவன் இந்த வேலையைச் செய்ய மாட்டான். 'ஒரு கோணத்திலிருந்து மட்டும் சரியாகும் உருவம்' என்பதுதானே அந்த வார்த்தைக்கு அர்த்தமே!

"பேர் தெரியாம ரசிக்கக் கூடாதா?" என்பார்கள். தாராளமாக. ஆனால் '3டி' என்கிறவர் வாயைப் பிளந்து முடித்ததும் அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார், அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அந்த ரோம் கூரைக்கு வருவோம். சான்ட் இக்னாசியோ தேவாலயத்தில் நிஜக் குவிமாடம் கிடையாது. ஆந்திரேயா போஸோ என்கிற இயேசு சபைச் சகோதரர் 1685-ல் தட்டையான துணியில் ஒன்றை வரைந்து மேலே மாட்டினார். எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று தரையில் வட்டக் கல்லே பதித்திருக்கிறார்கள். நீங்கள் அனுப்புகிற போட்டோவெல்லாம் சரியான இடத்தில் நின்று எடுத்தவை. நாலடி தள்ளிப் போனால் குவிமாடம் கோணிக்கொண்டு நிற்கும். அந்தப் போட்டோவையும் ஒரு தடவை அனுப்புங்கள், பார்ப்போம்.