அம்மா தட்டிப் பார்க்காத ஒரு விஷயம்

ஏப்ரல் வந்தால் ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரைக்கும் சாலையோரம் தர்பூசணிக் குவியல்தான். எங்கள் அம்மா ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத்தான் எடுப்பார். "உள்ளே சிவப்பா இருக்குமாப்பா?" இது ஒன்றுதான் கேள்வி. அந்தக் கொடி எந்த நோயிலிருந்து தப்பி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

மதுராந்தகம், செய்யூர் பக்கம் பயிர் வைப்பவர்களுக்கு அதுதான் முதல் கவலை. டிசம்பர், ஜனவரியில் விதை ஊன்றினால் கோடைக்குக் காய். நடுவில் இலைப்பேன் வந்தால், கூடவே மொட்டுக் கருகல் வைரஸும் வரும். கொடியின் நுனி கருகி, வளர்ச்சி நின்றுவிடும். வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது, அதைச் சுமந்து வரும் பூச்சியைத்தான் கட்டுப்படுத்தலாம். அதனால்தான் விதையிலேயே எதிர்ப்புச் சக்தியைத் தேடுகிறார்கள்.

நோய் தாங்கும் செடியையும் இனிக்கும் செடியையும் கலந்தால் போதாதா? அமெரிக்காவில் ஆர்ட்டன் என்ற விஞ்ஞானி அதைத்தான் செய்தார். அங்கே வாடல் நோய் தர்பூசணியை அழித்துக்கொண்டிருந்தது. 'ஈடன்' என்ற இனிப்பு ரகத்தை, பச்சையாகத் தின்ன முடியாத 'சிட்ரன்' என்ற கெட்டிக் காயோடு கலந்தார். 1911-ல் வந்தது 'கான்கரர்'. வெற்றி வீரன் என்று பெயர்! வயலில் நோயை ஜெயித்தது, சந்தையில் தோற்றது. காட்டுச் செடியின் எதிர்ப்புச் சக்தியோடு அதன் மட்டமான ருசியும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதைக் கழற்ற, இனிப்பு ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் பழத்தை அறுத்து ருசி பார்க்க வேண்டும். நோயையும் தாங்கி, சந்தையிலும் ஓடிய 'சார்ல்ஸ்டன் கிரே' வந்தது 1954-ல்தான்.

நம் பக்கத்தில் பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 'அர்கா மாணிக்' ரகத்தைக் கொடுத்தது. 'கிரிம்சன் ஸ்வீட்' என்ற அமெரிக்க ரகத்தோடு கலந்து உருவாக்கியது. சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய், ஆந்த்ராக்னோஸ் மூன்றையும் தாங்கும். நல்ல இனிப்பு, ரத்தச் சிவப்பு, சராசரி எடை 6 கிலோ. ஒட்டு ரகம் இல்லை என்பதால், வேறு ரக மகரந்தம் கலக்காமல் பார்த்துக்கொண்டால் விவசாயியே விதை எடுத்து வைக்கலாம். ஆனால் மூன்று பேர் இருக்கும் வீட்டு ஃபிரிட்ஜில் 6 கிலோ பழத்தை எங்கே வைப்பது? சின்னதாக, கரும்பச்சைத் தோலோடு இருக்கும் ஒட்டு ரகங்களுக்கு மவுசு கூடியதில் ஆச்சரியமில்லை. அவற்றுக்கு ஒவ்வொரு வருஷமும் விதை விலைக்கு வாங்கியாக வேண்டும்.

அந்தச் சிவப்பு இருக்கிறதே, அது லைகோபீன். தக்காளியில் இருக்கும் அதே நிறமி. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துக் கூட்டியது. 2025 கோடையில் 'சாய ஊசி' பயம் பரவியபோது, அதே சிவப்பைப் பார்த்து மக்கள் ஒதுங்கினார்கள். விலை சரிந்து, செங்கல்பட்டு, விழுப்புரம் விவசாயிகள் தவித்துப்போனார்கள். வைரஸுக்குத் தப்பிய கொடி, வதந்தியில் மாட்டிக்கொண்டது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா தட்டிக்கொண்டிருக்கும்போது, "இது என்ன ரகம்ணா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன். ஒரு நிமிஷம் யோசித்தவர், "நல்ல ரகம்மா" என்றார்.