"ங்க"வைக் குறை சொல்லாதீங்க!

போன மாசம் எங்க ஸ்கில் லேப்ல ஒரு கூத்து நடந்தது. கட்டில்ல ஒரு பொம்மை. பொம்மைதானேன்னு நினைக்காதீங்க. மூச்சு விடும், நாடி துடிக்கும். கண்ணாடி அறைக்குள்ள இருந்து சார் ஒரு பட்டனைத் தட்டினா ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போகும். மருத்துவ மாணவர்கள் நாங்க நாலு பேர். சாமான் எடுத்துக் கொடுக்க ஒரு நர்சிங் மாணவி.

ஆக்சிஜன் அளவு 94, 88, 80ன்னு இறங்குது. என்ன மருந்து, எவ்வளவு டோஸ்னு நாங்க இங்கிலீஷ்ல சண்டை போட்டுக்கிட்டு இருந்தோம். ஆக்சிஜன் குழாய் கழண்டு கிடந்ததை அந்தப் பொண்ணு மட்டும் பார்த்துட்டா. "சார்..."னு ஒரே ஒரு தடவை சொன்னா. யாரும் திரும்பலை. பொம்மை செத்துப்போச்சு.

அப்புறம் நடந்த அலசல்ல, ஏம்மா சொல்லலைன்னு கேட்டாங்க. "சொல்லலாமான்னு தெரியலைங்க சார்"னா. உடனே தீர்ப்பு வந்தது: "நம்ம கல்ச்சர் அப்படி. இந்த ஊர்ல மரியாதை ஜாஸ்தி. பெரியவங்க முன்னாடி வாய் திறக்க மாட்டாங்க." நாங்களும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினோம்.

இப்ப சொல்றேன், அந்தத் தீர்ப்பு தப்பு.

ஹாஃப்ஸ்டெட்னு ஒரு டச்சு அறிஞர். பெரியவன் சின்னவன் இடைவெளியை எந்த நாடு எவ்வளவு சகஜமா ஏத்துக்குதுன்னு மார்க் போட்டார். இந்தியாவுக்கு 77, அவர் நாடான நெதர்லாந்துக்கு 38. சரி, 1977ல டெனரிஃப் ஓடுபாதையில என்ன நடந்தது? எதிர்ல இன்னொரு விமானம் இன்னும் விலகலையோன்னு பிளைட் இன்ஜினியர் கேட்டார். கேப்டன் சட்டை பண்ணலை. செத்தது 583 பேர். அந்தக் கேப்டன் ஓட்டினது டச்சு விமானம்தாங்க!

2005ல இங்கிலாந்துல எலேன் புரோமிலிங்கிற பெண்ணுக்கு சாதாரண சைனஸ் ஆபரேஷன். மயக்கம் கொடுத்ததும் மூச்சுப்பாதை அடைச்சுக்கிச்சு. கழுத்துல துளை போடற சாமான் தயார்னு நர்ஸ் சொல்லியும் டாக்டர்கள் காதுல விழலை. 13 நாள் கழிச்சு அந்தம்மா இறந்துட்டாங்க. அங்கே என்ன கோயமுத்தூர் மரியாதையா குறுக்கே நின்னது?

எங்க அம்மிச்சியைப் பாருங்க. அப்புச்சியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஆனா கிணத்துல தண்ணி வத்தி மோட்டார் வெறுமனே ஓடினா, "ஏனுங், மோட்டாரை நிறுத்துங், காயில் புகையுது"ன்னு தோட்டம் பூரா கேக்கற மாதிரி கத்தும். மரியாதையும் குறையலை, மோட்டாரும் பிழைச்சுக்கும். எச்சரிக்கை பண்றதுக்கு "ங்க" எப்பவுமே தடையா இருந்ததில்லை.

அப்ப தடை எது? "ங்க" கீழே இருந்து மேலே மட்டும் போறதுதான். நம்ம ஊர் தோட்டத்துல ஒருத்தர் "சாமி"ன்னு கூப்பிடுவார், அவர் பேரன் வயசுப் பையன் அவரை "வாடா"ம்பான். சாதி பழக்கிக் கொடுத்த அந்தப் பாடத்தை ஆஸ்பத்திரி அப்படியே வாங்கிக்கிச்சு. சார்கிட்ட "ங்க", அட்டெண்டர்கிட்ட "ஏப்பா". அதுக்கு மேல இன்டர்னல் மார்க் பயம் வேற. இந்த பயத்துக்கு கல்ச்சர்னு பேர் வெச்சுட்டா யாரும் எதையும் மாத்த வேண்டாம் பாருங்க, ரொம்ப சௌகரியம்!

2019 பாடத்திட்டத்துல தகவல் தொடர்பும் பாடமா வந்தாச்சு. சந்தோஷம். ஆனா காஷுவாலிட்டியில நர்ஸும் டெக்னீஷியனும் அட்டெண்டரும் தமிழ்ல பேசி ஓட்டற வேலையை, டாக்டர் பசங்க மட்டும் இங்கிலீஷ்ல ஒத்திகை பார்த்தா அதுக்குப் பேரு நாடகம்.

நான் கேக்கறது மூணுதான். நர்சிங் மாணவியும் பயிற்சியில சமமா நிக்கட்டும், எடுபிடியா வேண்டாம். சார் வேணும்னே ஒரு தப்பு பண்ணட்டும், "நிறுத்துங்க சார், குழாய் கழண்டிருக்குங்க"ன்னு சொல்றவங்களுக்கு மார்க் கொடுக்கட்டும். அலசல்ல கடைசிப் படியில இருக்கறவங்க முதல்ல பேசட்டும், "சொல்லுங்க சிஸ்டர்"னு பெரியவங்க கேக்கட்டும்.

ஆமா, அன்னைக்குத் திரும்பிப் பார்க்காத நாலு பேர்ல நானும் ஒருத்தன். அவ பேசாம இருந்ததை விட, நாங்க கேக்காம இருந்ததுதான் பெரிய தப்பு. அதை அந்த அலசல்ல யாருமே பேசலை, நானும்தான்.

பொம்மைக்கு ரீசெட் பட்டன் இருக்கு. நாளைக்கு அந்தக் கட்டில்ல எங்க அம்மிச்சி படுத்திருந்தா?