கொட்டகைக் கதவுக்குப் புது மோட்டார்

அமெரிக்காவில் குடியேறிய நம்மவர் வீடுகளில் கார்க் கொட்டகைக் கதவை மோட்டார் ஒன்று இழுத்துத் திறக்கிறது. அது பழுதானால் உடனே, "அரைக் குதிரைச் சக்தியா, முக்காலா?" என்று கடையில் விசாரிப்பார்கள். ஆனால் கதவின் பாரத்தைத் தாங்குவது மோட்டாரல்ல, சுருள்வில். கதவை மூடிவைத்துச் சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரினின்றும் விடுவியுங்கள். பிறகு கையால் இடுப்பளவு தூக்கிப் பாருங்கள். அங்கேயே நிற்குமாயின் வில் சரி. கீழே இறங்குமாயின் புது மோட்டாரும் சீக்கிரமே கெடும். வில்லைத் தேர்ந்த தொழிலாளியே தொடவேண்டும். நாமே முறுக்கப் புகுவது கையை முறித்துக்கொள்ளும் வழி.

மேலே படுக்கையறை இருந்தால் சங்கிலியைவிட ரப்பர் வார் நல்லது, சத்தம் குறைவு.

1993 முதல் அந்நாட்டில் தயாராகும் வீட்டு மோட்டார்களுக்கு, கதவின் கீழே குழந்தைகள் அகப்படாதபடி கூடுதல் காப்புச் சட்டப்படி கட்டாயம். அதற்கு முந்தியது, ஓடினாலும் மாற்றத்தக்கதே. ஒளிக்கண்களைத் தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேற்படாமல் பொருத்தவேண்டும். தொந்தரவென்று அவற்றைக் கூரையில் கட்டிவைப்பவர்களும் உண்டு, என்ன துணிச்சல்!

2017இல் வட கலிபோர்னியாவில் காட்டுத்தீ பரவி மின்சாரம் நின்றபோது, கதவைத் திறக்கமாட்டாமல் பலர் திண்டாடினர். 2019 ஜூலை முதல் அம்மாகாணத்தில் பாட்டரித் துணையில்லாத மோட்டாரை விற்கலாகாது. மற்ற மாகாணத்தாரும் பாட்டரியுள்ளதையே கேட்டு வாங்குக. வீட்டுப் பெரியவர்களுக்குச் சிவப்புக் கயிறு இருக்குமிடத்தையும் காட்டிவையுங்கள்.