கணக்கும் கடைசிப் பேருந்தும்



'பெண்களுக்குக் கணிதம் இயல்பாகவே வராது' என்ற பேச்சு ஓய்ந்தபாடில்லை. 2005-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் லாரன்ஸ் சம்மர்ஸ், கணிதம், அறிவியலின் உச்சியில் பெண்கள் குறைவாக இருக்கப் பிறவித் திறன் வேறுபாடும் காரணமாகலாம் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். நம்மூர்த் திண்ணையில் இதையே எவ்விதத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறார்கள்.

அவர்கள் சிதம்பரத்தைப் பார்க்கட்டும். அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழியில் எம்.எஸ்சி. முடித்தவர் கணிதவியலாளர் சுஜாதா ராம்துரை. பிறகு டாடா ஆய்வு நிறுவனத்தில் முனைவர் பட்டம், 2004-இல் அறிவியலுக்கான பட்நாகர் விருது, 2006-இல் ராமானுஜன் பரிசு. அந்தப் பரிசைப் பெற்ற முதல் இந்தியரே அவர்தான். அவருக்கு ஆய்வு வழிகாட்டி, தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஆர். பரிமளா. ஆசிரியையும் மாணவியும் பட்நாகர் விருதாளர்கள்!

கடலூரில் கணக்குப் பாடம் எடுக்கும் எனக்குத் தெரிந்த தடை வேறு. பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் ஆண்டுதோறும் முந்துவது மாணவிகள்தான். ஆனால் நுழைவுத்தேர்வுப் பயிற்சி இரவு எட்டரைக்கு முடிகிறது என்றதும், "பொண்ணு எப்படிம்மா தனியா பஸ் ஏறி வரும்?" என்கிறார் அப்பா. அதே வீட்டுப் பையனுக்கு அந்தக் கேள்வி எழுவதில்லை. இதற்கு மூளையை ஏன் பழிக்க வேண்டும்?

மாவட்ட நிர்வாகம், கடலூரிலும் சிதம்பரத்திலும் அரசுப் பள்ளி வளாகத்திலேயே மாலை ஆறரைக்குள் முடியும் கணிதப் பயிற்சி வகுப்பைத் தொடங்க வேண்டும்.

- கணித ஆசிரியை, கடலூர்