எளிய தாளின் விலை

பொறியியல் கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் இசிஇ (மின்னணுவியல், தொடர்பியல்), இஇஇ (மின், மின்னணுவியல்) மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: ‘எந்த எலெக்டிவ் ஸ்கோரிங்?’ எந்தப் பாடம் எதைக் கற்றுத்தரும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டம், இணைப்புக் கல்லூரி மாணவர்களுக்கு முன்பு இல்லாத அளவுக்குத் தேர்வுரிமை தந்திருக்கிறது. எலெக்டிவ் எனப்படும் விருப்பப் பாடங்கள் தனித்தனித் தொகுப்புகளாக வகுக்கப்பட்டுள்ளன. இசிஇ மாணவர் சிப் வடிவமைப்பு, சிக்னல் பிராசஸிங், நீரடித் தொழில்நுட்பம் எனத் தனக்குப் பிடித்த ஒரு துறையில் ஆழமாகப் படிக்கலாம். இஇஇ மாணவருக்கு மின்வாகனம், எம்பெடட் சிஸ்டம்ஸ் போன்றவை உண்டு. கூடுதலாக 18 கிரெடிட் எடுத்தால் ஹானர்ஸ் அல்லது மைனர் பட்டமும் பெறலாம். ஆனால், பாடத்திட்டத்தில் உள்ள இந்தத் தாராளம் வகுப்பறைக்கு வருவதற்குள் சுருங்கிவிடுகிறது. பல கல்லூரிகளில் ஆசிரியர் இருக்கும் பாடம், ஆய்வகம் தேவைப்படாத பாடம், அரியர் விழாத பாடம் ஆகியவை மட்டுமே இறுதிப் பட்டியலில் மிஞ்சுகின்றன.

இதற்கு மாணவர்களை மட்டும் குறைசொல்வது நியாயமல்ல. அவர்களின் கணக்கில் ஒரு தர்க்கம் இருக்கிறது. வளாக நேர்காணலுக்கு வரும் மென்பொருள் சேவை நிறுவனங்கள் பொதுவாகக் கேட்பவை இரண்டு: குறைந்தபட்ச மதிப்பெண், நிலுவை அரியர் இல்லாமை. எந்தத் துறையில் படித்தவர் என்றாலும் சேர்த்துக்கொண்டு, வேண்டிய பயிற்சியை அந்நிறுவனங்களே அளிக்கும். ஆன்டெனா வடிவமைப்பைக் கஷ்டப்பட்டுப் படித்தவருக்கும் அந்தப் பக்கமே போகாதவருக்கும் ஒரே ஆரம்பச் சம்பளம் என்றால், கடினமான தாளை எடுப்பவர்தான் ஏமாளி. முப்பது ஆண்டுகளாகத் தமிழகத்தின் பொறியியல் கல்வி பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் ஓடியது.

அந்தக் கணக்கு இப்போது இடிக்கிறது. 2023-24 நிதியாண்டில் டிசிஎஸ், இன்ஃபோசிஸ், விப்ரோ மூன்றிலும் சேர்த்து ஊழியர் எண்ணிக்கை 60 ஆயிரத்துக்கு மேல் குறைந்தது. எளிய நிரல்களை எழுதும் வேலையைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பகிர்ந்துகொள்ளத் தொடங்கிவிட்டன. மறுபுறம், ஒசூரைச் சுற்றி டிவிஎஸ், ஏத்தர் ஆலைகளில் மின்ஸ்கூட்டர்கள் உருவாகின்றன. குறைக்கடத்தித் தொழிலுக்காக மத்திய அரசு 2021 டிசம்பரில் 76 ஆயிரம் கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. இத்துறைகளின் வடிவமைப்புப் பணிக்குப் போகிறவரிடம் மதிப்பெண் சதவீதத்தைத் தாண்டியும் கேள்விகள் கேட்பார்கள்.

அப்படியானால் எதை எடுப்பது? ‘இன்று எதற்குச் சந்தை இருக்கிறதோ அதை’ என்பது பலரும் சொல்லும் பதில். அது பாதிதான் சரி. கல்லூரிக்கு வெளியே தனியாகக் கற்க எது கடினமோ, அதற்கே கல்லூரியின் இடத்தைத் தர வேண்டும். பைத்தானை விடுமுறையில் கற்கலாம். ஒரு மைக்ரோகன்ட்ரோலர் பலகையை வாங்கி எல்இடியை எரியவைக்க யூடியூப் போதும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ், மின்காந்தப் புலம், டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங் ஆகியவற்றை ஆசிரியரும் பயிற்சிக் கணக்குகளும் தேர்வு நெருக்கடியும் இல்லாமல் தனியாக முடித்தவர்கள் அரிது. இந்த அடிப்படைகளின் மேல் அடுத்த படியாக நிற்கும் எலெக்டிவ்களையே தேட வேண்டும். கருவிகள் சில ஆண்டுகளில் மாறும். சிக்னல் பிராசஸிங்குக்கு அடிப்படையான ஃபூரியரின் கணிதம் இருநூறு ஆண்டுகளாக நிற்கிறது.

மின்ஸ்கூட்டரின் மோட்டார் கன்ட்ரோலரையே எடுத்துக்கொள்வோம். பேட்டரியின் நேர்மின்சாரத்தை மூன்று கட்ட மாறுமின்சாரமாக்குவது பவர் எலெக்ட்ரானிக்ஸ். வினாடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தை அளந்து திருத்துவது கன்ட்ரோல். அதை ஒரு சிறிய சிப்பில் நேரம் தவறாமல் ஓடவிடுவது எம்பெடட். மூன்றில் ஒன்று தெரியாவிட்டாலும், வண்டி ஏன் அதிர்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆகவே எலெக்டிவ்களைத் தனித்தனித் தாள்களாகப் பார்க்காமல், ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் மூன்று நான்கு பாடங்களாகத் திட்டமிட வேண்டும். இசிஇ மாணவர் மூன்றாம் பருவத்தில் தேர்ச்சி பெற்று மறந்துவிடும் நேரியல் இயற்கணிதம்தான், பிறகு ஆவலோடு தேடிப்போகும் இயந்திரக் கற்றலுக்கு அடித்தளம்.

துறைக்கு வெளியே எடுக்கும் திறந்தநிலைப் பாடத்தையும் ஒப்புக்கு எடுக்கக் கூடாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலும் கணிதமும் படித்த கிளாட் ஷானன், அங்கே தத்துவ வகுப்பொன்றில் பூலின் தர்க்க இயற்கணிதத்தை அறிந்தார். 1937-ல் எம்ஐடியில் எழுதிய முதுகலை ஆய்வேட்டில் அதை ரிலே சுற்றுகளுக்குப் பொருத்திக் காட்டினார். டிஜிட்டல் சுற்று வடிவமைப்பின் அடிப்படை அதுதான்.

கல்லூரிகளுக்கும் இதில் கடமை உண்டு. ஆசிரியர் இல்லை என்பது இனி முழுச் சாக்காகாது. சென்னை ஐஐடி ஒருங்கிணைக்கும் என்பிடெல் இணையவழிப் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை இடம்பெறும் ஸ்வயம் இணையதளத்தின் பாடங்களை ஒரு பருவத்தில் 40 சதவீதம் வரை கிரெடிட்டாக ஏற்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2021-லேயே வழிவகுத்துவிட்டது. ஆனால், ஆய்வகத்தைக் காணொலி ஈடுசெய்யாது. அருகருகே உள்ள கல்லூரிகள் ஆய்வகங்களையும் ஆசிரியர்களையும் பகிர்ந்துகொண்டால், பத்துப் பேர் மட்டுமே விரும்பும் பாடத்தையும் நடத்த முடியும்.

உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. விருப்பத்தைப் பதிவுசெய்யும் முன்பே, எந்த எலெக்டிவை யார் நடத்துவார், அதற்கு ஆய்வகம் உண்டா, முன்தேவை என்ன என்பதைத் துறைகள் எழுத்தில் வெளியிட வேண்டும். கட்டணம் கட்டும் மாணவரும் பெற்றோரும் இதைக் கேட்டுப் பெற உரிமையுள்ளவர்கள். அந்த விவரம் கையில் இல்லாதவரை, அரியர் பயத்தில் எளிய தாளைத் தேடுவதைத் தவிர மாணவருக்கு வேறு வழியிருக்காது.