அக்காவின் விரலும் அக்கா மகனின் ஷேரும்

தீபாவளிக்கு அக்கா மகன் வந்திருந்தான். ஷேர் மார்க்கெட்டில் கொஞ்சம் ஈடுபாடு உள்ளவன். பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஆரம்பித்தான். "மாமா, பணத்தை பிக்சட் டெபாசிட்டில் தூங்க விடாதீங்க. இனிமே எல்லாத்துக்கும் விரல் ரேகை, கண், முகம்தான். அந்த மாதிரி கம்பெனிகள்ல வெளிநாட்டுக்காரன் கோடி கோடியாப் போடறான். நாமளும் கொஞ்சம் போட்டு வைக்கலாம்."

யோசிக்கிறேன் என்று சொன்னேன். யோசித்து முடிப்பதற்குள் நவம்பர் பிறந்துவிட்டது. அக்காவை உயிர்வாழ்ச் சான்றிதழுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அக்காவுக்கு 83 வயது. அத்தான் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போன பிறகு குடும்பப் பென்ஷன்தான் அவளுக்கு ஆதாரம். கவுண்டரில் இருந்த பையன் நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். வலது கட்டை விரலை வைக்கச் சொன்னான். சிவப்பு விளக்கு. இடது விரல், அதுவும் சிவப்பு. ஈரத் துணியால் துடைத்தான், வேறொரு அம்மா பையிலிருந்து தேங்காய் எண்ணெய் எடுத்துக் கொடுத்தார். பத்து விரலும் வைத்தாகிவிட்டது. "பாட்டி, உங்க விரல்ல ரேகையே இல்லியே" என்றான். சாம்பலும் புளியும் போட்டு அறுபது வருஷம் பாத்திரம் தேய்த்த கை, ரேகை எங்கே இருக்கும்? அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்போ நான் போய்ச் சேர்ந்துட்டேனாடா?" என்று கேட்டுச் சிரித்தாள். பிறகு வாருங்கள் என்றார்கள். பிறகும் போனோம், அதே சிவப்பு. டிசம்பர் மாதப் பென்ஷன் வரவில்லை. அப்புறம் நான் காகிதப் படிவத்தோடு போய், கொஞ்சம் குரலை உயர்த்தி, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கினேன். நிலுவை பிப்ரவரியில்தான் வந்து சேர்ந்தது. இரண்டு மாதமும் மருந்துக் கடைக் கணக்கு என் பெயரில் ஓடியது.

விரல் ரேகையே கூடாது என்று நான் சொல்லவில்லை. கருவூலத்தில் வேலை பார்த்த காலத்தில் நேர்காணலுக்கு வரும் பென்ஷன்தாரர்களின் இடது பெருவிரலை மையில் ஒற்றி எடுத்தவன் நான். அண்ணன் இறந்ததை மறைத்து, அண்ணனாகவே நாலு வருஷம் வந்து போன ஒரு தம்பியையும் பார்த்திருக்கிறேன். இந்தப் பயம் பழையது. வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1858-ல் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கையெழுத்துக்குப் பதில் கை அச்சு வாங்கினார். 1877-ல் ஹூக்ளியில் அதையே அரசு முறையாக்கியபோது அவர் ரேகை வாங்கியவர்களில் பென்ஷன்தாரர்களும் உண்டு. செத்தவர் பெயரில் உறவினர் பணம் வாங்கக் கூடாது என்பதற்காகத்தான். பிறகு 1897-ல் கல்கத்தாவில் கைரேகைக் கூடமே வந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கைப் போட்டவர்கள் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு கீழ்நிலைக் காவல் அதிகாரிகள். உலகம் அதை அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரால்தான் சொல்கிறது. குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

எங்கள் பதிவேட்டில் கடைசியாக ஒரு கலம் இருந்தது. 'குறிப்பு' என்று தலைப்பு. ரேகை தெளிவாக விழவில்லை என்றால் அதிகாரி ஆளைப் பார்த்து, நாலு கேள்வி கேட்டு, அந்தக் கலத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவார். பென்ஷன் நிற்காது. எங்கள் தெருவில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கிய சொல்தா தாத்தாக்களும் 'செர்த்திஃபிக்கா த வீ' என்று ஒரு தாளைத்தான் வருஷா வருஷம் அனுப்பினார்கள். ஒரு மனிதர் இன்னொரு மனிதரைப் பார்த்து, இவர் உயிரோடு இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தது அது.

இப்போது அக்கா மகன் சொன்ன கம்பெனிகளுக்கு வருகிறேன். பிரெஞ்சில் படித்தவன் என்பதால் இந்தக் கதையைக் கொஞ்சம் தொடர்ந்து வந்திருக்கிறேன். சில்லு வைத்த அட்டைக்குப் பிரெஞ்சில் 'கார்த் அ ப்யூஸ்' என்று பெயர். ப்யூஸ் என்றால் தெள்ளுப்பூச்சி! ரொலான் மொரேனோ என்பவர் 1974-ல் காப்புரிமை எடுத்தார். 1988-ல் மார்சேய் பக்கம் ஜெம்ப்ளஸ் என்ற கம்பெனி பிறந்து, டெலிபோன் அட்டையும் சிம் அட்டையும் செய்து பெரிதாக வளர்ந்தது. 2000-ல் டெக்சாஸ் பசிபிக் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் உள்ளே வந்தது. 2002-ல் வந்த புதிய தலைவர், அமெரிக்க உளவுத் துறைக்காகத் தொழில்நுட்பக் கம்பெனிகளில் முதலீடு செய்யும் இன்-க்யூ-டெல் அமைப்பின் நிர்வாகக் குழுவில் இருந்தவர் என்று தெரிந்ததும் பிரான்சில் பெரிய கூச்சல். 2006-ல் இன்னொரு கம்பெனியோடு சேர்ந்து ஜெமால்டோ ஆனது. 2019-ல் ராணுவத் தளவாடம் செய்யும் தாலெஸ் அதை சுமார் 480 கோடி யூரோவுக்கு வாங்கிவிட்டது.

விரல் ரேகைக் கம்பெனிகளின் கதையும் இதேதான். ஆதார் தொடங்கியபோது ஒரே ஆள் இரண்டு தடவை பதிந்திருக்கிறாரா என்று ரேகையைப் பொருத்திப் பார்க்கும் வேலைக்கு மூன்று குழுக்களை எடுத்தார்கள். அதில் பிரான்சின் மார்ஃபோ ஒன்று, அமெரிக்காவின் எல்-1 ஒன்று. 2011-ல் எல்-1-ஐ மார்ஃபோவின் முதலாளியான சஃப்ரான் வாங்கியது. 2017-ல் மார்ஃபோவை அட்வென்ட் என்ற பாஸ்டன் முதலீட்டு நிறுவனத்துக்கு சுமார் 240 கோடி யூரோவுக்கு விற்றது. இன்று அதன் பெயர் ஐடெமியா. நம்முடைய ரேகை அரசின் கணினியில்தான் இருக்கிறது, அதை யாரும் மூட்டை கட்டிக்கொண்டு போகவில்லை. பொருத்திப் பார்க்கும் மென்பொருள்தான் அவர்களுடையது. இத்தனை பதிவுக்கு இவ்வளவு என்று கூலி. தலை எண்ணிக்கை கூடினால் வரும்படி கூடும். வாங்குவதும், சில வருஷம் வைத்திருந்து விற்பதும் முதலீட்டுக்காரர் தொழில். அதில் எனக்கு வழக்கில்லை.

ஆனால் அவர்கள் எண்ணுகிற மாதிரியே நம் அலுவலகங்களும் எண்ணப் பழகிவிட்டனவே, அதில்தான் எனக்கு வழக்கு. 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் வந்தது. வீட்டுப் பக்கத்திலேயே வேலை முடிகிற வசதி, வரவேற்க வேண்டியதுதான். 2021 முதல் முகத்தைக் காட்டினாலும் போதும் என்றார்கள், அதுவும் நல்லது. காகிதப் படிவத்தை யாரும் ஒழிக்கவில்லை, இன்றும் செல்லும். அப்படியிருக்க எத்தனை பேர் மெஷினில் முடித்தார்கள் என்று மட்டும் கணக்குச் சொல்லி, மெஷின் தள்ளிய எத்தனை பேர் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள் என்று சொல்லாவிட்டால், கவுண்டரில் இருக்கிறவருக்குக் காகிதம் என்றாலே கசக்கத்தான் செய்யும். 2012-ல் ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்ட புட்டசாமி, அப்போதே எண்பதைத் தாண்டியிருந்த ஓய்வுபெற்ற நீதிபதி, நம்மைப் போல பென்ஷன்தாரராக இருந்தவர். 2018 செப்டம்பர் தீர்ப்பில் ஆதார் நிலைத்தது. ஆனாலும் ரேகை ஒத்துப்போகவில்லை என்பதற்காக உரியவருக்கு உதவி மறுக்கப்படக் கூடாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மெஷின் இரண்டு தடவை இல்லை என்றால், அதே கவுண்டரில், அதே நாளில், அதிகாரி ஆளைப் பார்த்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டவற்றை எண்ணி மாதா மாதம் பலகையில் ஒட்ட வேண்டும். அந்தப் பழைய 'குறிப்பு' கலத்தைத்தான் திருப்பிக் கேட்கிறேன்.

போன வாரம் அக்கா மகன் போனில் மறுபடி ஷேர் பேச்சை எடுத்தான். "உன் அம்மா மாதிரி எத்தனை பேரை மெஷின் இல்லைன்னு சொல்லிச்சுன்னு அந்தக் கம்பெனிகளோட ஆண்டறிக்கையில் இருந்தா காட்டு, பணம் போடறேன்" என்றேன். தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றான். அக்கா இந்த வருஷத்துக்கு இரண்டு காகிதப் படிவம் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறாள். ஒன்று தொலைந்தால் இன்னொன்று இருக்கட்டுமாம்.