விசைப்பலகையில் இடம் தேடும் ஆப்பிரிக்க மொழிகள்

ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 2,000 மொழிகள் பேசப்படுகின்றன. அவற்றுள் கைப்பேசியிலும் கணினியிலும் தடையின்றிப் புழங்குபவை மிகச் சிலவே. அம்மொழிகளுக்கு எழுத்து மரபு இல்லாததே இதற்குக் காரணம் என்று கூறப்படுவதுண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

மேற்கு ஆப்பிரிக்க முஸ்லிம்கள் ஹவுசா, ஃபுலானி, வொலோஃப் முதலிய தங்கள் மொழிகளைப் பல நூற்றாண்டுகளாக அரபு எழுத்தில் எழுதி வந்தனர். அஜமி எனப்படும் இம்முறை, நம் அரபுத்தமிழைப் போன்றது. 19ஆம் நூற்றாண்டில் சொகோட்டோ கிலாஃபத்தின் பெண் அறிஞர் நானா அஸ்மாவு, ஹவுசாவிலும் ஃபுலானியிலும் கவிதைகள் இயற்றி, அவற்றின் வழியே பெண்களுக்குக் கல்வி புகட்டினார். பின்னர் வந்த காலனி ஆட்சிகள் லத்தீன் எழுத்தையே முன்னிறுத்தின. அஜமி மட்டும் அறிந்தவர்கள் அரசின் கணக்கில் எழுத்தறிவற்றோர் ஆயினர்.

அதே புறக்கணிப்பு இன்று டிஜிட்டல் வடிவில் தொடர்கிறது. மருத்துவ அறிவிப்பும் பணப் பரிமாற்றச் செயலியும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மட்டும் வந்தால், தாய்மொழி மட்டுமே தெரிந்தவர் பிறரை நம்பியே வாழ வேண்டும்.

இந்த நிலையை மாற்ற முடியும் என்பதற்குக் கினியா நாட்டில் ஒரு சான்று உண்டு. ஃபுலானியின் சில ஒலிகளுக்கு அரபு எழுத்து போதவில்லை. எனவே 1989இல் இப்ராஹீமா பாரி, அப்துலாயி பாரி என்ற சகோதரர்கள் சிறுவர்களாக இருந்தபோதே, வலமிருந்து இடமாக எழுதும் 28 எழுத்துகளை உருவாக்கினர். ‘அத்லம்’ என்று பெயர் பெற்ற அந்த எழுத்து, கையால் எழுதிப் படியெடுத்த நூல்கள் வழியே ஊர் ஊராகப் பரவியது. 2016இல் யூனிகோடில் இடம்பெற்றது. அதன் பிறகே ஆண்ட்ராய்டும் விண்டோஸும் அதை ஏற்றன.

இங்கே வரிசையைக் கவனிக்க வேண்டும். மக்கள் முதலில் எழுதினர். நிறுவனங்கள் 27 ஆண்டுகள் கழித்து வந்தன. 2019இல் தொடங்கிய மசகானே என்ற ஆய்வாளர் குழுவும் இதே வழியில், ஆப்பிரிக்கர்களே தங்கள் மொழிகளுக்கான மொழிபெயர்ப்புத் தொழில்நுட்பத்தை உருவாக்க உழைக்கிறது.

2022இல் ஆப்பிரிக்க ஒன்றியம் சுவாஹிலியை அலுவல் மொழியாக ஏற்றது வரவேற்கத்தக்கதே. ஆனால் பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் இடமில்லாத மொழியை எழுத்துருவும் செயலியும் மட்டும் காப்பாற்றிவிடாது. அரபுத்தமிழை வாசிப்போர் அருகிப்போனதைக் கண்ட நமக்கு இது புதிய பாடம் அல்ல.